‘பரவாயில்லை’ என்பது பாராட்டா? இளம் ஆய்வாளர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் நடத்திய ஒரு பயிலரங்கின் இரண்டாம் நாள் மாலை, முனைவர் பட்ட மாணவி ஒருவர் தம் வரைபடத்தைத் திரையில் காட்டினார். உணவங்காடி விலை உயர்வு பற்றிய தமிழ்ப் பின்னூட்டங்களை மொழி மாதிரியிடம், அதாவது எழுத்தை வாசித்து விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம், கொடுத்து நிறைவு, நடுநிலை, குறை என்று பிரித்திருந்தார். நிறைவுப் பெட்டி நிரம்பி வழிந்தது. விலை ஏறியதில் நம்மவர்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று சந்தேகம் தட்ட, பத்துப் பின்னூட்டங்களை உரக்கப் படிக்கச் சொன்னேன். நான்காவதில் அவரே சிரித்துவிட்டார். ‘பரவாயில்லை’ வந்த இடமெல்லாம் நிறைவாகியிருந்தது. காப்பி பரவாயில்லை என்றால் சுமார். விடுங்கள், பரவாயில்லை என்றால் நொந்துபோய்விட்டேன் என்று பொருள். சில மாமியார்களிடம் அதுவே அதிகபட்சப் பாராட்டு.

மாதிரியைக் கடிந்து பயனில்லை. அட்டவணை போட்டவன் நான். முதல் நாள் பைத்தான் நிரல்மொழி, மறுநாள் மாதிரியை இயக்கும் நிரல், பிறகு வரைபடம். தரவைப் படிப்பதற்கு அதில் அரை மணி நேரம்கூட இல்லை.

இப்போதெல்லாம் முதல் நாள் மடிக்கணினியைத் திறக்க விடுவதில்லை. 200 பின்னூட்டங்களை அச்சடித்துக் கொடுத்து, இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, பிறகு ஒப்பிடச் சொல்கிறேன். சண்டை வரும், வர வேண்டும். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரே புளோக்கில் வளர்ந்த இருவரே ஒரு வாக்கியம் குறையா நடுநிலையா என்று ஒத்துப்போகவில்லை என்றால், நாம் அளக்க வந்த ‘அதிருப்தி’க்கே இன்னும் வரையறை இல்லை. அந்த நிலையில் மாதிரியை ஏவினால் குழப்பம் வேகமாகப் பெருகும், அவ்வளவுதான். ஒப்புதலை வெறும் விழுக்காட்டில் சொல்வதும் ஏமாற்றும். 1,000 பின்னூட்டங்களில் 950 நடுநிலை என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் நடுநிலை முத்திரை குத்தும் கருவிக்கும் 95 மதிப்பெண் கிடைத்துவிடும். தற்செயல் ஒப்புதலைக் கழித்துக் காட்டும் கோகனின் கப்பா அளவு 1960 முதல் இருக்கிறது. அதையும் ஒவ்வொரு பெட்டிக்குமான பிழைக் கணக்கையும் மாணவரிடம் கேளுங்கள். ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் மாதிரி இந்த வட்டார மொழிகளுக்கானது, தமிழும் அதில் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனாலும் அதற்கும் தேர்வு அதே 200 தாள்கள்தான்.

தமிழ்த் தரவை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஆராய்வது இங்கே பலருக்கும் கைவந்த குறுக்குவழி. வேலை அனுமதிச் சீட்டில் வந்த ஒரு தொழிலாளியைப் பற்றிய செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வந்தான்’ என்று எழுதுவதிலும் ‘வந்தார்’ என்று எழுதுவதிலும்தான் பத்திரிகை அவரை எங்கே நிறுத்துகிறது என்பது தெரியும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் எதை ஆராய்வது?

பழைய இதழ்களில் வேறொரு கண்ணி இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசின் பழைய பிரதிகளைத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கியிருக்கிறது. ஆசையோடு இறங்கும் மாணவர் ‘விலை’, ‘வேலை’ ஆகிய சொற்கள் ஆண்டுக்கு எத்தனை முறை வருகின்றன என்று எண்ணத் தொடங்குவார். பழைய தமிழ் அச்சில் லை, னை, ணை ஆகிய எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போல் வளைந்த வடிவம். றா, னா, ணாவும் வேறு மாதிரி. தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றதே 1978இல்தான். அச்சுப் பக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி பழைய வடிவத்தைப் பிழையாக வாசித்தால் ‘விலை’ கணக்கில் விழாது. அச்சு மாறிய ஆண்டில் கோடு திடீரென ஏறும். அந்த ஏற்றத்துக்குப் பொருளியல் விளக்கம் எழுத ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. எந்த இதழ் எப்போது எழுத்தை மாற்றியது என்று முதலில் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பழைய பத்திரிகை படித்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் வேலை இன்னும் எளிது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலும் சறுக்கல் உண்டு. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அந்தக் கணக்கில் வருவர். தங்கும் விடுதிகளில் வாழும் தமிழகத் தொழிலாளர்கள் அதில் இல்லை; ஆனால் இணையப் பதிவுகளில் இருக்கிறார்கள். இணையப் பதிவுகளை அந்தக் கணக்கால் வகுத்து ‘சிங்கப்பூர்த் தமிழர் கருத்து’ என்று தலைப்பிடுவது பலர் செய்யும் பிழை.

மாதிரி கற்கும் தரவும் அதைச் சோதிக்கும் தரவும் கலந்துவிடுவது இன்னொரு பிழை; இதைத் தரவுக் கசிவு என்பார்கள். ஒரே நபரின் ஐந்து பதிவுகளில் மூன்று ஒரு பக்கமும் இரண்டு மறுபக்கமும் போனால், மாதிரி அவருடைய நடையை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிவிடும். பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பை உருப்போட்டு வந்த பிள்ளைக்கு அதே கேள்வி கிடைத்தது போலத்தான். பிரின்ஸ்டன் ஆய்வாளர் இருவர் 2023இல் வெளியிட்ட கட்டுரை 17 துறைகளில் இந்தக் கசிவைக் காட்டியது. வரிவரியாகப் பிரிக்காமல் ஆள்வாரியாக, காலவாரியாகப் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்.

சிக்கலான முறை என்றாலே மேல் என்ற எண்ணத்துக்கு ஒரே மருந்து: அமெரிக்கக் குடும்பங்களைப் பிள்ளைகளின் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வின் தரவை 160 குழுக்களிடம் கொடுத்துப் பிள்ளைகளின் நிலையைக் கணிக்கச் சொன்னார்கள். 12,000க்கும் மேற்பட்ட தகவல் கூறுகள் கையில் இருந்தன. 2020இல் முடிவு வந்தபோது, சிறந்த கணிப்புகளும் நான்கே கூறுகளைக் கொண்ட எளிய கணக்கைவிடச் சற்றே மேலாகத்தான் இருந்தன.

நேர்காணல் பதிவுகளை இணைய உரையாடுகருவியில் ஒட்டிச் சுருக்கம் கேட்பதை நான் கண்டிப்பாகத் தடுக்கிறேன். பெயரை நீக்கிவிட்டேன் என்பார்கள். ஊர், விடுதி, வந்த ஆண்டு, கைவிரல் இழந்த விபத்து, இவை நான்கும் சேர்ந்தால் முதலாளிக்கு ஆள் தெரிந்துவிடும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு வைத்துவிட்டால் போதாது. ஒவ்வொருவரும் தம் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை எடுத்து, தரவு எங்கே இருக்கும் என்று தாம் எழுதிக் கொடுத்த வரியை வகுப்பில் வாசிக்க வேண்டும். மாதிரியின் பதிப்பு எண்ணையும் தேதியையும் கேள்வியின் முழு வாசகத்தையும் குறித்துவைக்கும் பழக்கம் அன்றே தொடங்கட்டும். நிறுவனம் மாதிரியை மாற்றிவிட்டால் பழைய முடிவைத் திரும்பப் பெற வழி இருக்காது.

குழு பிரிக்கும்போது கணினி மாணவர் நிரலும் சமூகவியல் மாணவர் முன்னுரையும் எழுதுவதாகத் தாமாகவே ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். மூன்றாம் நாள் நான் இடம் மாற்றிவிடுகிறேன். சென்ற முறை நிரல் எழுதத் தெரிந்தவரைத் தேக்கா சந்தைக்கு அனுப்பி, கடைக்காரர்களோடு பேசிக் களக் குறிப்பு எழுதச் சொன்னேன். திரும்பி வந்ததும் தம் வகைப்பாட்டில் இரண்டு பெட்டிகளை அழித்துவிட்டு, கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்து மீண்டும் தொடங்கினார்.