சுடுதண்ணி பாய்லர்: கரியைப் பார்க்கும் முன் தண்ணியைப் பாருங்க

கீசர் வந்ததும் பரணில் ஏறிய செம்புப் பாய்லர்கள், கரண்ட் பில்லைப் பார்த்த பிறகு குடியாத்தத்தில் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. இறங்கியதும் நேராக என் பாத்திரப் பட்டறைக்குத்தான் வருகின்றன. "நைனா, நெருப்புல ஓட்டை வுழுந்துட்ச்சி, பத்து வெச்சிக் குடு" என்பார்கள். பத்து என்றால் ஈயத்தை உருக்கி ஒட்டுவது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பெரும்பாலும் நெருப்பு ஒரு பாவமும் செய்திருக்காது. நடுக்குழாயைச் சுற்றி விரல் கனத்துக்கு வெள்ளை உப்பு உட்கார்ந்திருக்கும். நம்ம பக்கத்து போர் தண்ணி அப்படி.

பாய்லரின் அமைப்பு சாதாரணமானது. வெளியே ஒரு உருளை, நடுவில் கீழிருந்து மேல் வரை போகும் ஒரு குழாய். குழாயில் கரி எரியும், உருளைக்கும் குழாய்க்கும் நடுவில் தண்ணி நிற்கும். கரி தாங்க அடியில் ஒரு கம்பித் தட்டு, அதற்குக் கீழே சாம்பல் விழ இடம், காற்றுக்கு ஒரு சின்னக் கதவு.

வாங்கும்போதோ பரணிலிருந்து இறக்கும்போதோ ஒன்றைக் கவனியுங்க. புனலில் பச்சைத்தண்ணி ஊற்றினால் மேல் மூக்கு வழியாகச் சுடுதண்ணி வெளியே வரும் மாதிரி ஒரு வகை உண்டு. ஊற்றினால்தான் வரும் என்பதால் அது எப்போதும் நிறைந்தே இருக்கும். இன்னொரு வகையில் கீழே பித்தளைக் குழாய் வைத்துத் திறந்து பிடிப்பது. அதில்தான் ஆபத்து. காலையில் முதலில் குளிப்பவர் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார், அடியில் கரி கனன்றுகொண்டே இருக்கும். தண்ணி இருக்கும் வரை செம்பு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணி இல்லாத இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும். பழைய பாய்லர்களின் ஈயப் பத்து 200 டிகிரி சுற்றுவட்டத்திலேயே இளகிவிடும். அதனால் இந்த வகை வைத்திருப்பவர்கள் ஒரு வாளி பிடித்தால் ஒரு வாளி ஊற்றுங்க. பிடிக்கும் முன்னாடியே ஊற்றினால் இன்னும் நல்லது.

வைக்கும் இடம் புழக்கடை, தாழ்வாரம், திறந்த மாடிப்படி அடி, எங்கே காற்று ஓடுகிறதோ அங்கே. குளியலறைக்குள் கூடவே கூடாது. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. புகை இல்லையே என்று நினைப்பதுதான் இதில் ஆளைக் கவிழ்ப்பது. புகை அடங்கிச் சிவந்த கரியில்தான் அது நிறைய வரும். தலைவலி, மயக்கம், அதற்குப் பிறகு எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. மார்கழிக் குளிருக்கு மிச்சக் கனலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைப்பதும் இதே கதைதான்.

கரிக்கு வருவோம். நம்ம பக்கம் வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) கரிதான் எளிதில் கிடைக்கும், கனமானது, நின்று எரியும். ரெண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்க. கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த கரி. மொத்தென்று இருந்தால் பாதி கட்டை, கண்ணைக் கரிக்கும். கொட்டாங்குச்சி வேகமாக எரிந்து தீரும், பற்ற வைக்க அதைவிட நல்லது இல்லை. ஒரு காலத்தில் நெய்வேலியிலிருந்து லெகோ என்று பழுப்பு நிலக்கரியில் செய்த கரிக்கட்டி வந்தது, பெரியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பெருமூச்சு விடுவார்கள். அதைச் செய்த ஆலையை மூடி வெகு காலம் ஆகிறது. சூளைக்கு வரும் நிலக்கரியை மலிவு என்று வாங்கிப் போடாதீங்க. கந்தக நாற்றம், கரிப்பிசின் குழாயில் அப்பும், செம்பும் கறுத்து அரிக்கும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். தோல் வெட்டில் மிஞ்சும் துண்டுகளைப் பாய்லரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குரோமில் பதனிட்ட தோலை எரித்தால் குரோமியம் விஷமான வடிவத்துக்கு மாறிச் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்க்கிற வீடும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

எவ்வளவு கரி? கணக்கு லேசு. ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி. 20 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 700. நல்ல கரி ஒரு கிலோவில் சுமார் 7000 இருக்கும். அப்படிப் பார்த்தால் 100 கிராம் போதும், ஆனால் பாதிக்கு மேல் குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடும். கால் கிலோ வைத்துக்கொள்ளுங்க. அந்த 20 லிட்டரோடு கிட்டத்தட்ட அதே அளவு பச்சைத்தண்ணி கலந்தால் ரெண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம்.

பற்ற வைக்கும் முறை: முதலில் தண்ணி, பிறகு நெருப்பு, இது மாறவே கூடாது. முந்தின நாள் சாம்பலை முழுக்கத் தட்டுங்க, கம்பித் தட்டின் சந்துகள் அடைந்திருந்தால் கரி மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. தேங்காய் நாரும் ரெண்டு கொட்டாங்குச்சியும் கீழே, ஒரு கட்டிக் கற்பூரம், அது பிடித்த பிறகு மேலிருந்து கரித்துண்டுகள். எலுமிச்சை அளவுத் துண்டு சரியானது. தூளைக் கொட்டினால் காற்று அடைபடும். மண்ணெண்ணெய் ஊற்றாதீங்க, நெருப்பு குழாயின் மேல் வாய் வழியாக முகத்துக்கு வரும். கரி சிவந்ததும் கீழ்க்கதவைப் பாதிக்கு மேல் சாத்திவிடுங்க. முழுக்கத் திறந்து வைத்தால் கரி சீக்கிரம் தீரும், தண்ணி அதற்கேற்பச் சீக்கிரம் காயாது, சூடெல்லாம் மேலே ஓடிவிடும். புனலின் வாயையும், மேல் மூக்கு இருந்தால் அதையும் எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது. ஆவி போக வேறு வழி இல்லை.

ஏலகிரியில் வீடு கட்டும் ஒருவர், வெளிநாட்டில் நிலக்கரிப் பாய்லரால் வீட்டையே சூடாக்குகிறார்களே, இதில் குழாய் இழுத்து அறைக்குக் கொண்டுபோக முடியாதா என்று கேட்டார். அங்கே அடைத்த சுற்றில் தண்ணி ஓடும், அழுத்தம் ஏறினால் திறக்க வால்வு, தண்ணி விரிய ஒரு தொட்டி, புகைக்குக் கூரைக்கு மேல் போகும் தனிப் புகைபோக்கி எல்லாம் உண்டு. நம்முடையது திறந்த பாத்திரம். அதை அடைத்துக் குழாய் மாட்டினால் வெடிக்கும். ஏலகிரிக் குளிருக்கு ஜன்னலைச் சாத்தி ரெண்டு கம்பளி போதும் என்றேன்.

இப்போது உப்பு. கடினத் தண்ணி காயும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, சூடான இடமாகப் பார்த்து ஒட்டும். நடுக்குழாய்தான் அந்த இடம். உப்பு ஏறினால் சூடு தண்ணிக்குப் போகாது, செம்பிலேயே நிற்கும். தண்ணி இருந்தும் பத்து விடுவது இதனால்தான். அறிகுறிகள் எளிது: வழக்கமான கரிக்குத் தண்ணி காயாது, உள்ளே கடகடவென்று சத்தம் வரும், குழாயைத் திறந்தால் வெள்ளைச் செதில் விழும்.

அதற்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் கேட்டால் தருவார்கள். 20 லிட்டர் பாய்லருக்குக் கால் கிலோ, வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்து ஊற்றி, நெருப்பில்லாமல் ராத்திரி முழுக்க விடுங்க. நுரைக்கும், பயப்பட வேண்டாம். காலையில் வடித்துவிட்டு ரெண்டு முறை அலசுங்க. தடிமனாக இருந்தால் இன்னொரு தடவை. வெளிப்பக்கத்துக்குப் புளியே போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் உள்ளே விடாதீங்க. உப்போடு சேர்ந்து பத்தும் பித்தளைக் குழாயும் போய்விடும், ஆவி நெஞ்சை அடைக்கும். ஆசிட் விட்ட பாய்லர் பட்டறைக்கு வந்தால் பழைய செம்பு விலைக்குப் போடச் சொல்லி அனுப்புகிறேன்.

உப்பு சேராமல் தடுக்க வேண்டுமானால் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் அதைப் பிடித்து வையுங்க, மழைத்தண்ணி கிடைத்தால் இன்னும் விசேஷம். போர் தண்ணிதான் என்றால் கொதிக்க விடாதீங்க, கை பொறுக்காத சூடு வந்ததும் கீழ்க்கதவைச் சாத்துங்க. வாரம் ஒருமுறை நெருப்பில்லாத நேரத்தில் அடித்தண்ணியை முழுக்க வடித்துவிடுங்க.

மாசி முடிந்தால் பாய்லருக்கு வேலை இல்லை. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு மாடி டேங்க் தண்ணியே கை வைக்க முடியாமல் வரும். உள்ளே துளி ஈரம் இல்லாமல் வடித்து வெயிலில் காய வையுங்க. சாம்பலை அப்படியே விட்டால் ஈரம் பட்டு அடிப்பாகத்தை அரிக்கும், அதையும் துடைத்துவிடுங்க. குழாயைத் திறந்தே வையுங்க, வாஷர் ஒட்டிக்கொள்ளாது. மேல் வாயைத் துணியால் கட்டுங்க, இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும். ஐப்பசியில் இறக்கும்போது துணியை அவிழ்த்து, உள்ளே ஒரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, வெறும் தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி வையுங்க. காலையில் கீழே ஈரம் இருந்தால் நெருப்பு போடாமல் அப்படியே பட்டறைக்குக் கொண்டுவாங்க.