கூத்துப் பார்க்க மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு

விமானச் சீட்டு எடுக்கும் முன் ஊருக்கு அழைத்து, இந்த வருடம் எங்கே என்ன கூத்துப் பழகுகிறார்கள், எப்போது அரங்கேற்றம் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு விடுமுறை கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஆடி, ஆவணியில் வருகிறது. அந்தச் சில கிழமைக்குள் ஊர் எல்லாவற்றையும் நமக்கு ஆடிக் காட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் கூத்தின் காலத்தைத் தீர்மானிப்பது வெள்ளாமை. பெரும்போகத்தை வெட்டிச் சூடடித்து, நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் கேட்கத் தொடங்கும். சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டுகள், கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, கடைசியில்தான் அரங்கேற்றம். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது.

வைகாசியில் போக முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். செட்டிபாளையம் போன்ற ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகியின் வழக்குரைக் காவியம் படித்து, திருமணச் சடங்குக்கான கல்யாணக்கால் நட்டு, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடுவார்கள். குளிர்த்தி இரவில் கோயிலை விட்டு நகராதீர்கள். ஓகஸ்டில் மட்டும்தான் வர முடியும் என்றால் மாமாங்கேஸ்வரரின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் இருக்கிறது, ஆவணியில் மண்டூர் முருகன் இருக்கிறார். அவற்றைப் பாருங்கள். கூத்தை உங்கள் விடுமுறைக்குள் இழுக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் அதுதான் நடந்தது. நான் சுவிஸில் இருந்து வருகிறேன் என்றதும் மாமா ஒருவர் அரங்கேற்றத் திகதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு அது ஊருக்குப் போன பிறகுதான் தெரியும். பழகிக்கொண்டிருந்தது பதினேழாம் போர், கர்ணன் சாகும் கூத்து, வடமோடி, தென்மோடி என்ற இரு வகையில் வடமோடி. கர்ணனாக ஆடியவர் கொத்தன் வேலை முடிந்து வந்து பழகுகிறவர். இளம் ஆட்கள் பலர் கட்டாரிலும் சவூதியிலும் இருப்பதால் அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. அவர்களுக்கு இன்னும் சில கிழமை தேவைப்பட்டது. அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஸ்பீக்கர் அனுமதி. இதை வெளிநாட்டில் இருந்து போகிற எல்லாரும் விளங்கி வைத்திருக்க வேண்டும். இலங்கையில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைக்குப் பிறகு இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கிடையாது. விசேட நிகழ்வென்றால் கூடுதல் நேரம் கேட்கலாம், ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். சட்டத்தில் எனக்குக் கோபம் இல்லை. நோயாளிகளும் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் இரவு 9 மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஆடுகிற ஒரு கலை இந்தக் கணக்குக்குள் எங்கே அடங்கும்?

"நீங்க போய்க் கதைச்சா உடனே தருவாங்க மருமகன், வெளிநாட்டில இருந்து வந்திருக்கன் எண்டு சொல்லுங்க" என்றார் மாமா. போனேன். விண்ணப்பம் கூத்தை நடத்தும் ஊர்க் கழகத்தின் தலைவரின் கையொப்பத்தோடு வர வேண்டும் என்றார்கள். தலைவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிப் போனால் ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகரின், கடிதம் இல்லை என்றார்கள். ஜீ.எஸ். அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் கடிதம் வந்தபோது ஒரு அதிகாரி கேட்டார்: இது சமய நிகழ்வா, கலை நிகழ்வா? சமயம் என்றால் கோயில் நிருவாகத்தின் கடிதம் வேண்டுமாம். கலை என்றால் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரின் சிபாரிசும் கழகத்தின் பதிவு இலக்கமும் வேண்டுமாம். அண்ணாவியாரிடம் கேட்டேன். "அம்மாளுக்கு முன்னால ஆடுறம் மனே. அதை எப்பிடிப் பிரிச்சுச் சொல்ற?" என்றார். அந்தப் பதிலை எழுத விண்ணப்பத்தில் இடம் இருக்கவில்லை. இரண்டு கடிதங்களுக்கும் அலைந்தேன். கழகத்தின் பதிவோ புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. கோயில் செயலாளருக்கும் கழகத்துக்கும் பழைய மனத்தாங்கல், அவர் கடிதத்தை ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றார்.

கடைசியில் எல்லாத் தாள்களோடும் போய் நின்றபோது அதே அதிகாரி என் கடவுச்சீட்டைக் கேட்டார். மாமா நிகழ்வின் ஏற்பாட்டாளர் என்று என் பெயரை எழுதியிருந்தார். வெளிநாட்டவர் ஒருவர் சுற்றுலா விசாவில் வந்து நிகழ்ச்சி நடத்தலாமா என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் பிறந்த வைத்தியசாலை அந்தப் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கேள்வி பிழையில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கலை, இசை, நடன நிகழ்வுகளில் பங்குபற்றுவதை வணிக நோக்க வருகை விசாவின் கீழ் வைத்திருக்கிறது. உங்கள் மகள் கோயிலில் பரதம் ஆடப்போகிறாள், நீங்கள் மேடையில் மிருதங்கம் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் புறப்படும் முன்னரே இதை விசாரித்துச் சரியான விசா எடுங்கள். எந்தக் கடிதத்திலும் ஏற்பாட்டாளர், அனுசரணையாளர் என்று உங்கள் பெயரைப் போட விடாதீர்கள். ஊர்க் கழகத்தின் விண்ணப்பத்தை ஊர்க் கழகமே கொண்டுபோகட்டும். கழகத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று மாதங்களுக்கு முன்னரே கேட்டு வையுங்கள்.

என் பெயரை வெட்டி வேறு விண்ணப்பம் எழுதினார்கள். அனுமதி 10 மணி வரைக்கும்தான் கிடைத்தது. அன்று இரவு முதலில் வரவேற்புரை, ஆசியுரை, பிரதம அதிதி உரை, பொன்னாடை. நான் பேச மாட்டேன் என்று சொல்லியும் மைக்கைக் கையில் தந்துவிட்டார்கள். கூத்துத் தொடங்கி இரண்டு பாத்திரங்களின் வரவு முடிவதற்குள் ஸ்பீக்கரை நிறுத்த வேண்டி வந்தது. "முந்தி மைக்கா இருந்த மனே?" என்று அண்ணாவியார் தொடர்ந்து பாடினார். உண்மைதான். கூத்துக்கான வட்ட ஆடுகளமான வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் சுற்றியிருக்கும். ஆடுகிறவன் சுழன்று ஆடும்போது பாட்டு எல்லாப் பக்கமும் போகும், பிற்பாட்டுக்காரர் அதைத் தூக்கிக் கொடுப்பார்கள். ஆனால் அன்றைக்குக் களரி போடவில்லை. ஒருபக்கம் பார்த்த உயர்ந்த மேடையும் அதற்கு முன்னால் வரிசை வரிசையாய்ப் பிளாஸ்டிக் கதிரைகளும். பின்வரிசைக்குச் சல்லரித் தாளத்தின் சத்தம் மட்டுமே போனது. சனம் கலைந்தது. பாதிக் கதையை விட்டு ஓட்டினார்கள். விடியப்புறம் விழ வேண்டிய கர்ணன் நடுச்சாமத்துக்கு முன்னரே விழுந்தான். எனக்கு மறுநாள் கட்டுநாயக்காவில் விமானம், அந்நேரமே வான் வந்து நின்றது.

1990 ஆனியில் சண்டை தொடங்கியபோது நானும் ஒரு கூத்துக்குச் சட்டம் வாங்கிப் பழகிக்கொண்டிருந்தேன். அது அரங்கேறவில்லை. அன்று மணியடித்தபடி வந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்கு நம்மை ஏற்றிய பாதை என்ற மிதவை இப்போது இல்லை, 2014இல் மண்முனைப் பாலம் திறந்தாயிற்று. சில நிமிடத்தில் ஊருக்குள் போய்விடலாம். போன வேகத்தில் திரும்பியும் விடுகிறோம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கழகம் பணம் கேட்டால் கொடுங்கள், ஆனால் எதற்கு என்று நீங்கள் தீர்மானியுங்கள். மேடை, பனர், பொன்னாடைக்குக் கொடுக்காதீர்கள். மத்தளத்துக்குத் தோல் போட, வடமோடிக்காரர் உடுக்கும் கரப்புடுப்பும் கிரீடமும் செய்ய, களரி அமைக்கக் கொடுங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனது பெரிய காரியம், அவருடைய 'இராவணேசன்' பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அது நகர மேடைக்கான வடிவம். கிராமத்துக் களரியில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு மணித்தியாலத்தில் பார்க்க விரும்பினால் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஏதும் நிகழ்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.

திரும்பும் பயணத்தை அரங்கேற்றத்துக்குப் பிறகு ஒரு கிழமையாவது தள்ளிப் போடுங்கள். வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கம் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் உங்கள் வாசலுக்கும் வருவார்கள். வாசலைக் கூட்டி, பாய் விரித்து வையுங்கள். அண்ணாவியாருக்குக் கொடுப்பதை வெற்றிலையில் வைத்து உங்கள் கையாலேயே கொடுங்கள், மாமாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.