மூக்கு ஸ்ப்ரேயை எதிர்க் கையால் அடியுங்கள்

அலர்ஜிக்காக மூக்கில் ஸ்ப்ரே அடிப்பவர்கள் கையை மாற்றிப் பிடியுங்கள்: வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. சளி இருந்தால் முதலில் சிந்திவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, முனை அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்த்தபடி வைத்து அடியுங்கள்.

அதே பக்கக் கையால் அடித்தால் மருந்து பெரும்பாலும் நடுச்சுவரில்தான் போய் விழும். அங்கே சவ்வு மெல்லிசு, ரத்தக் குழாய்கள் அதிகம். எரிச்சலும் ரத்தக் கசிவும் அதனால்தான். மருந்து சேர வேண்டிய இடமோ பக்கவாட்டில் வீங்கிக் கிடக்கும் சதை. அப்புறம், அடித்ததும் சர்ரென்று உறிஞ்ச வேண்டாம். தொண்டையில் மருந்து ருசி தட்டினால் அது வயிற்றுக்குப் போகிறது என்று அர்த்தம், கூடவே காசும். மெதுவாக மூச்சை இழுத்தாலே போதும்.

இது புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்களுக்கு. முழுப் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும் என்பதால், தும்மல் எந்த மாதம் தொடங்கும் என்று தெரிந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு ஓரிரு வாரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற அடைப்பு நீக்கிகள் வேறு ரகம்; எப்படி அடித்தாலும் சரி, 3 முதல் 5 நாளைத் தாண்டினால் அடைப்பு முன்பைவிட மோசமாகலாம். மூக்கில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும், கை மாற்றியும் ரத்தம் நிற்காதவர்களும் ஸ்ப்ரேயைத் தொடரும் முன் டாக்டரைப் பாருங்கள்.