வெயிட் குறைக்க இறங்குறவங்க முதல்ல கவனிக்க வேண்டியது

உடம்பு பெருத்தவங்ககிட்ட எல்லாரும் சொல்றது ஒன்னுதான், வாயைக் கட்டு. கேட்டுக் கேட்டு மனசு நொந்து போயிருக்கும், அதனால அதை விட்டுட்டு ஆக வேண்டியதைப் பாப்போம்.

முதல்ல டாக்டரைப் பாருங்க. தைராய்டு, பிசிஓஎஸ் (பொண்ணுங்களுக்கு வர்ற ஒரு ஹார்மோன் கோளாறு), ஸ்டீராய்டு மாதிரி சில மாத்திரைங்க இதெல்லாமும் வெயிட்டை ஏத்தும். ராத்திரி பலமா குறட்டை, பகல்ல தூக்கம் சொக்குதுன்னா அதையும் சொல்லுங்க, தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கற ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம். அப்புறம் பிபி பாக்கும்போது கையில சுத்துற பட்டை சின்னதா இருந்தா பிபி நிஜத்தை விட அதிகமா காட்டும், பெரிய பட்டை போடுங்கன்னு கேளுங்க, கூச்சமே வேணாம்.

நடக்க ஆரம்பிச்சா தொடை உரசி எரியும், நிறைய பேர் இதை வெளிய சொல்ல வெக்கப்பட்டே நடையை நிறுத்திடறாங்க. உரசுற இடத்துல வாசலின் தடவி முட்டி வரைக்கும் வர்ற டைட்டான ஷார்ட்ஸ் உள்ள போட்டுக்கோங்க, குளிச்சதும் மடிப்புகளை ஒத்தி ஈரமில்லாம வச்சுக்கோங்க. முட்டி வலிச்சா தண்ணிக்குள்ள நடக்கலாம், உக்காந்துகிட்டே செய்யற எக்சர்சைசும் இருக்கு, 10 நிமிஷத்துல ஆரம்பிச்சா போதும்.

டார்கெட்டை பெருசா வைக்காதீங்க. 100 கிலோ இருக்கறவங்க 5லிருந்து 10 கிலோ குறைஞ்சாலே சுகர், பிபி ரெண்டுலயும் நல்ல மாற்றம் தெரியும். வாரத்துக்கு அரை கிலோலேர்ந்து ஒரு கிலோ சரியான வேகம், பட்டினி கிடந்து மளமளன்னு குறைச்சா பித்தப்பையில கல் வர வாய்ப்பு கூடும். முதல் வாரம் இறங்கறது பெரும்பாலும் தண்ணிதான், அதை நம்பி அடுத்த வாரமும் அதே மாதிரி எதிர்பாக்காதீங்க.

கொஞ்ச மாசத்துல எடை அப்படியே நிக்கும் பாருங்க, அங்கதான் பல பேர் விட்டுடறாங்க. கொழுப்பு குறையக் குறைய பசியை அடக்குற லெப்டின்ங்கற ஹார்மோன் இறங்கி பசி ஏறும், உடம்பு செலவு பண்ற கலோரியும் குறையும், அதனால இது உங்க சோம்பேறித்தனமே இல்ல, உடம்பு பழைய எடைக்குப் போகத்தான் போராடுது. அப்போ சாப்பாட்டை இன்னும் வெட்டாம, புரோட்டீனைக் கூட்டி, தசைக்கு வேலை குடுக்கற பயிற்சி சேத்து, தூக்கத்தை சரி பண்ணுங்க. தினம் தினம் எடை மெஷின்ல ஏறி மனசு உடையறவங்க வாரம் ஒரு தடவை, காலையில ஒரே நேரத்துல பாத்து எழுதி வைங்க, மாசக் கணக்கை மட்டும் ஒப்பிடுங்க.

பசியைக் குறைச்சு எடையை இறக்கற செமாக்ளுடைட் ஊசி போடலாமான்னு யோசிக்கறவங்க, நிறுத்தினா பசியும் எடையும் திரும்பறது சகஜம், அதனால எத்தனை நாள் போடணும், நிறுத்தும்போது என்ன பிளான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிக்கோங்க.