பின்தங்கிய ஃபார்முலா காருக்கு இறக்கை தேர்ந்தெடுப்பது எப்படி

ஃபார்முலா பந்தய கார் ஒன்று தொடர்ந்து பின்வரிசையிலேயே நிற்கும்போது, இன்னும் பெரிய பின் இறக்கையைப் பொருத்தலாம் என்ற யோசனைதான் முதலில் எழும். அதை ஏற்கும் முன், கார் எந்த வேகத்தில் நேரத்தை இழக்கிறது என்பதைக் கண்டறியுங்கள். வளைவில் டயர் வழுக்காதபடி, இறக்கை வழியே காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் 100 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். எனவே வளைவுகளை வேகவாரியாகப் பிரித்து, உங்களைவிட வேகமான காரின் ஜி.பி.எஸ். தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இழப்பு பெரும்பாலும் மெதுவான வளைவுகளில் என்றால், ஸ்பிரிங், கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிஃபரன்ஷியல் ஆகியவற்றில்தான் முதல் வேலை. எந்த இறக்கையும் அங்கே பெரிதாக உதவாது.

வேக வளைவுகளில்தான் இழப்பு என்று தெரிந்துவிட்டால், அடுத்த கேள்வி உங்கள் அளவீடுகள் நம்பத்தக்கவையா என்பதாகும். பின்தங்கிய அணிகள் பலவற்றின் உண்மையான நோய் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடமான காற்றுச் சுரங்கத்தில் ஓடுவது முழு அளவுக் கார் அல்ல. ஃபார்முலா 1 விதிகளின்படி அது அதிகபட்சம் 60 சதவீத அளவுள்ள மாதிரி, காற்றின் வேகமும் நொடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த மாதிரி சொல்வதை ஓடுதளம் உறுதிப்படுத்த வேண்டும். பயிற்சிச் சுற்றில் நேர்பாதையில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டச் செய்து, சஸ்பென்ஷன் தண்டுகளில் பதியும் சுமையையும், காரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் பதிவு செய்யுங்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால் காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்கள் நிறைந்த சட்டத்தைப் பொருத்தி, காற்றோட்டம் கணிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒளிரும் வண்ணக் குழம்பைப் பூசி ஒரு சுற்று ஓட்டினால், கோடுகள் நேராக நீளாமல் ஓரிடத்தில் தேங்கி நிற்பது, அங்கே காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சோதனைகளில் எதிர்க்காற்றை மறந்துவிடாதீர்கள். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை 10 கி.மீ. வேக எதிர்க்காற்று சந்தித்தால், அழுத்தம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடிவிடும். ஒரு சதவீத முன்னேற்றம் தரும் புதிய பாகத்தை அந்த நிலையில் ஒரே ஓட்டத்தை வைத்து எடைபோட முடியாது. பழைய பாகம், புதிய பாகம், மீண்டும் பழைய பாகம் என்ற வரிசையில், ஒரே எரிபொருள் அளவோடும் ஒரே வகை டயரோடும் ஓட்டிப் பார்த்தால்தான் முடிவுக்கு மதிப்பு உண்டு.

அதிகபட்ச அழுத்தம் என்ற ஒற்றை எண்ணைத் துரத்துவதன் ஆபத்தை மெர்சிடிஸ் அணியின் 2022-ஆம் ஆண்டு ஃபார்முலா 1 காரான டபிள்யூ13 தெளிவாகக் காட்டியது. தரையை ஒட்டி ஓடும்போது சிறப்பாக இயங்க வேண்டிய அந்தக் கார், வேகம் கூடியதும் மேலும் கீழும் குதிக்கத் தொடங்கியதால் உயர்த்தி ஓட்ட வேண்டியதாயிற்று. கணித்த அழுத்தத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. ஆகவே காரின் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும், ஸ்டீயரிங் திரும்பினாலும், பக்கக்காற்று வீசினாலும் அதிகம் குறையாத அழுத்தத்தையே தேடுங்கள். பின்தங்கிய அணிக்கு இதில் ஒரு சலுகையும் இருக்கிறது: 2022 முதல், முதலிடத்திலுள்ள அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதமும் பத்தாமிடத்திலுள்ள அணிக்கு 115 சதவீதமும் காற்றுச் சுரங்கச் சோதனை ஒதுக்கப்படுகிறது. பருவத்தின் நடுவிலும் மீள முடியும் என்பதற்கு 2023-ஆம் ஆண்டின் மெக்லாரன் சான்று. பஹ்ரைனில் புள்ளியே பெறாமல் தொடங்கிய அந்த அணி, ஆஸ்திரியாவில் தொடங்கிய பெரிய மேம்பாட்டுக்குப் பின் சில்வர்ஸ்டோனில் லாண்டோ நோரிஸ் மூலம் இரண்டாமிடம் பிடித்தது.

இனி முன்பின் சமநிலை. கார் வளைவில் திரும்ப மறுத்தால் முன் இறக்கையின் மடலை, அதாவது கோணத்தை மாற்றக்கூடிய அதன் பின்பகுதியை, நிமிர்த்துவது எளிய வழிதான். ஆனால் முன் இறக்கையைக் கடந்த காற்றே அடித்தளத்துக்கும் செல்கிறது. மடலை அளவுக்கு மீறி நிமிர்த்தினால் முன்னால் பெற்றதைவிட அதிகமாக அடியில் இழக்க நேரிடும். பின்புறம் சற்றே நிலையற்றிருந்தால், முழு இறக்கையையும் மாற்றாமல் அதன் பின்விளிம்பில் செங்குத்தாக நிற்கும் கர்னி பட்டையைச் சேர்த்துப் பாருங்கள். 1971-இல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி பயன்படுத்திய அந்தச் சிறு பட்டை, இரண்டு இறக்கை அளவுகளுக்கு இடைப்பட்ட தேவைக்கு இன்றும் பொருத்தமானது.

பின் இறக்கையின் அளவை ஓடுதளமே பெரிதும் தீர்மானிக்கிறது. மெதுவான வளைவுகள் நிறைந்த மொனாக்கோவில் காற்றெதிர்ப்பைப் பற்றிக் கவலைப்படாமல் பெரியதைப் பொருத்தலாம். நீண்ட நேர்பாதைகள் உள்ள மொன்சாவில் மெல்லியதுதான் சரி. சிக்கல் இவற்றுக்கு இடைப்பட்ட தளங்களில்தான். அங்கே சுற்று நேரக் கணிப்பு இரண்டு இறக்கைகளுக்கும் ஒரே விடையைத் தந்தால், பின்வரிசை அணி சிறியதை நோக்கிச் சாய்வது இயல்பு, ஏனெனில் நேர்பாதை வேகம் இல்லாத கார் நெரிசலில் எவரையும் முந்த முடியாது. அந்தச் சாய்வுக்கு ஒரு விலை உண்டு. பின் இறக்கையைக் குறைத்தால் சமநிலைக்காக முன் மடலையும் தாழ்த்த வேண்டும். மொத்த அழுத்தம் குறைந்து டயர்கள் வழுக்கும், சூடேறும், விரைவில் தேயும். எனவே முதல் பயிற்சியில் அணியின் இரண்டு கார்களுக்கும் வெவ்வேறு இறக்கைகளைப் பொருத்தி, ஒற்றைச் சுற்று நேரத்தைவிட நீண்ட ஓட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் பின் டயரின் வெப்பநிலை எப்படிப் போகிறது என்பதையே முக்கியமாகப் பாருங்கள். வெப்பம் கட்டுக்குள் நிற்கும் மிகச் சிறிய இறக்கை எதுவோ, அதையே தேர்ந்தெடுங்கள்.

தகுதிச் சுற்று தொடங்கியபின் பின் இறக்கையை மாற்ற விதி இடம் தராது. முன் மடலின் கோணத்தை மட்டும் அதன் பிறகும், பந்தயத்தில் டயர் மாற்ற நிற்கும்போதும்கூடத் திருத்தலாம். ஆகவே பின் இறக்கையை உறுதி செய்யும்போது, முன் மடல் அதன் எல்லைகளில் ஒன்றில் முட்டி நிற்காமல், கூட்டவும் குறைக்கவும் இடமுள்ள நடுநிலையில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.