மலை ரோட்டு பிக்கப்புக்கு லிஃப்ட் சஸ்பென்ஷன்: எதைப் பார்த்து வாங்குவது

ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றி வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போடப் பட்டறைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது "எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் தெரிய வேண்டியது உங்கள் வண்டி தினமும் எவ்வளவு எடையோடு ஓடுகிறது என்பது. அது தெரிந்தால் எந்த ஸ்பிரிங் என்று முடிவாகும், ஸ்பிரிங் முடிவானால் உயரம் தானாக வரும். நீலகிரியில் கோத்தகிரி, மஞ்சூர், கேத்திப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் அடி தட்டுகிறது என்று வரும் பிக்கப்புகளில் நான் பார்த்த வரை பலவற்றுக்கு உயரம் குறைவே இல்லை, பின்பட்டை (பின்பக்க லீஃப் ஸ்பிரிங்) தளர்ந்து வண்டி உட்கார்ந்துபோயிருக்கும். அதற்கு லிஃப்ட் கிட் வாங்குவது வீண் செலவு, நல்ல பட்டை செட் போட்டாலே தொலைந்த உயரம் திரும்பி வந்துவிடும்.

அதனால் முதல் வேலை அளப்பது. சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் அதற்கே அலைய வேண்டும், பெட்ரோல் பங்க் தரை பெரும்பாலும் சரியாக இருக்கும். நாலு சக்கரத்திலும் வீல் நடுவிலிருந்து நேர் மேலே ஃபென்டர் விளிம்பு வரை டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். டயரின் அடியிலிருந்து அளந்தால் காற்றைப் பொறுத்து அளவு மாறும், அதனால்தான் வீல் நடுவிலிருந்து. காலி வண்டியில் ஒரு முறை, வழக்கமான லோடு ஏற்றி ஒரு முறை. லோடு கையில் இல்லையென்றால் 20 லிட்டர் தண்ணி கேன்களை அடுக்குங்கள், ஒரு கேன் 20 கிலோ, கணக்கு சுலபம். லோடு ஏறியதும் பின்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது, இடமும் வலமும் ஒன்றாக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் பட்டை உடைந்திருக்கலாம், புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர்) போயிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் லிஃப்ட் போட்டால் வண்டி கோணலாகவேதான் உயரும்.

அப்புறம் ஆர்சி புத்தகத்தை எடுங்கள். அதில் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம், டிரைவரும் ஆட்களும் அதற்குள்தான். கனமான பட்டை போட்டால் இந்த அளவு கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸில், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையதேதான். வண்டி தாழாமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் நாலு மூட்டை ஏற்றுவதுதான் காட் ரோடு இறக்கத்தில் ஆபத்தாக முடிகிறது.

ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் மாதிரி ஆஸ்திரேலிய பிராண்டுகள் ஒரே வண்டிக்கு ஒரே உயரத்தில் பல கனங்களில் ஸ்பிரிங் தருகின்றன. வாங்கும்போது உயரத்தோடு நிறுத்தாமல் எவ்வளவு நிரந்தர எடைக்கு என்றும் கேளுங்கள். இங்கே "நிரந்தர" என்பதுதான் முக்கியம். வாரத்தில் ஒரு நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்கிவிட்டு மீதி நாள் காலியாக ஓடும் வண்டிக்குக் கனமான பட்டை போட்டால், அந்த ஆறு நாளும் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருக்கும். ஈர ரோட்டில் குதிக்கிற டயருக்குப் பிடிப்பு இருக்காது. தினமும் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி என்றால் கனமானதையே போடலாம். நடுவில் ஊசலாடுகிறது என்றால் நடுத்தரத்தை எடுங்கள், மெல்லியது பக்கம் சாய்ந்தாலும் தப்பில்லை. முன்பக்கம் ஸ்டீல் பம்பர், வின்ச் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள், அது இருந்தால் முன் ஸ்பிரிங்கும் மாறும்.

இனி உயரம். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வகை வண்டிகளில் முன்பக்கம் தனித்தனி சக்கரத்துக்குக் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் முழு ஆக்ஸில், பட்டை. லிஃப்ட் போட்டால் உயர்வது பாடியும் சேஸிஸும் முன்பக்க அடிவயிறும்தான். பின் ஆக்ஸில் நடுவில் தொங்கும் ஹவுசிங் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது, அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். தேயிலைத் தோட்ட ரோட்டில் நடுவில் மேடாக நிற்கும் கல் உங்கள் ஹவுசிங்கில்தான் தட்டுகிறது என்றால் லிஃப்ட் அதற்கு மருந்தே இல்லை. ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிய தண்ணி வாய்க்காலில் இறங்கும்போது முன் பம்பர் இடிக்கிறது என்றால் உதவும். எங்கே அடிபடுகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், புதுக் கீறல் பளபளவென்று காட்டிக்கொடுக்கும்.

முன்பக்கம் தனி சஸ்பென்ஷன் வண்டிக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை போதும் என்பது என் முடிவு. அதற்கு மேல் போனால் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணம் அதிகமாகி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்மின் பால் ஜாயின்ட் கடைசி எல்லைக்குப் போய் நிற்கும், சக்கரம் நிற்கும் சாய்வுகளான கேம்பர் கேஸ்டர் அலைன்மென்டில் சரிக்கு வராது. பிறகு மேல் ஆர்ம் தனியாக, டிஃப் (டிஃபரன்ஷியல்) இறக்கும் கிட் தனியாக என்று செலவு நீளும். விலை குறைவு என்று ஷாக் (ஷாக் அப்சார்பர்) தலைக்கு மேல் வைக்கும் கட்டையான ஸ்பேசரைக் காட்டுவார்கள். ஸ்பேசர் 25 மில்லிமீட்டர் என்றால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரும், ஆனால் சக்கரம் கீழே தொங்கும்போது அந்த ஜாயின்டுகள் போகக்கூடாத இடத்துக்குப் போகும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையதே என்பதால் ஓட்டம் துளியும் மேம்படாது. அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள்.

பின்பக்கம் மூன்று வழி சொல்வார்கள். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது ஒன்று. கியரில் இழுத்து ஏறும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், கட்டை உயரமானால் அந்த முறுக்கு பட்டையில் இன்னும் அதிகமாக விழும். முன்பக்கமும் பட்டை உள்ள வண்டி என்றால் முன் ஆக்ஸிலில் கட்டை வைக்கவே கூடாது. பட்டையின் முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் ஷேக்கிளை நீளமாகப் போடுவது இன்னொன்று. இரண்டு இஞ்ச் நீளத்துக்கு ஒரு இஞ்ச் உயரம்தான் வரும், பக்கவாட்டில் ஆட்டம் கூடும். மூன்றாவது, சரியான வளைவும் கனமும் உள்ள புது பட்டை செட். நான் சொல்வது இதைத்தான். கையிருப்பு குறைவென்றால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கலாம், மற்ற பட்டைகள் நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

சரி, இப்போது மலையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது, பிரேக். பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஓடி ஒரு வால்வில் சேரும். லோடு ஏறி பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், காலியாகி உயர்ந்தால் குறைவான அழுத்தம் என்று பங்கு பிரிப்பது அதன் வேலை. நீங்கள் பின்பக்கத்தை 50 மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் வண்டி காலியாக இருக்கிறது என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். முழு லோடோடு குன்னூரிலிருந்து பர்லியார் பக்கம் இறங்கும்போது பின் பிரேக் பாதி மனதோடு பிடிக்க, மொத்த வேலையும் முன் டிஸ்க் தலையில் விழும், சூடேறும், பெடல் இறங்கும். அதற்கு வால்வு பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கே நகர்த்த வேண்டும், சில கிட்களில் அதற்கான துண்டு வரும். பட்டறையில் இதை நீங்களே கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் வேறு பட்டறை பாருங்கள். புதிய சில வண்டிகளில் இந்த வால்வு இருக்காது, எலக்ட்ரானிக்காகவே நடக்கும். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் இருக்கின்றனவா என்பதையும் ஜாக்கி போட்டு ஒரு முறை பாருங்கள்.

ஷாக்கை ஸ்பிரிங்கோடு சேர்த்தே வாங்குங்கள். உயர்ந்த வண்டிக்குப் பழைய ஷாக்கின் நீளம் பத்தாது, கனமான ஸ்பிரிங்கை அடக்க அதற்கு வலுவும் இருக்காது. கேஸ் நிரப்பிய ஷாக் போதும், வெளியே தனி டப்பா தொங்கும் விலை உயர்ந்த வகை வேகமாகப் பாலைவனத்தில் ஓடுபவர்களுக்கு. நம் வேகத்துக்கு அது வேண்டாம்.

எவ்வளவு தூக்குகிறீர்களோ அவ்வளவுக்கு வண்டியின் பாரத்தின் மையமும் மேலே போகிறது. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு, கேபின் உயரத்துக்கு மூட்டை அடுக்கிய வண்டி அங்கே சாய்வதை வெளியே நின்று பார்த்தாலே பயமாக இருக்கும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. பின் கதவு உயரமும் ஏறும். நாள் முழுக்க இலை மூட்டையைத் தூக்கி உள்ளே தள்ளும் அக்காக்களின் தோளும் இடுப்பும் அந்த இரண்டு இஞ்சை ஒவ்வொரு மூட்டைக்கும் சுமக்கும். அவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

டயர் கணக்கு சின்னதுதான். 245/70 ஆர்16 லிருந்து 245/75 ஆர்16க்குப் போனால் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர் கூடும், ஹவுசிங் ஏறுவது அதில் பாதி, 12. ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவையும் அதே அளவு குறையும். அதற்கு மேல் பெரிய டயர் போட்டு எஞ்சினைத் திணறவிட வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எஃப்சி (தகுதிச் சான்று) போகும் மஞ்சள் போர்டு வண்டிக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பட்டையை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யு போல்ட் புதிதாக இருக்க வேண்டும், பழையது ஒரு முறை இழுபட்டது. புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது, வண்டியைத் தரையில் இறக்கி எடை விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கம். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அலைன்மென்டுக்குக் கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டியிருந்தாலும் அன்றே செய்துவிடுங்கள். பிறகு ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்துங்கள், மூக்கு தூக்கிய விளக்கு பனிமூட்டத்தில் உங்கள் கண்ணையே கூசவைக்கும், எதிரே வருபவர் கண்ணையும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட், ஷேக்கிள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். அதே பெட்ரோல் பங்க் தரையில் நாலு சக்கரத்தையும் திரும்ப அளந்து பழைய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கி நிலைக்கு வரும்.