"புரிஞ்சுதுங்க சார்" என்றால் புரியவில்லை: புதுக் கபடிப் பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டத்தை நிறுத்திவிட்டு விசிலைக் கையில் எடுத்தவர்கள் கொங்குப் பக்கம் இப்போது நிறையப் பேர். கல்லூரி அணியில் கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்றவர், வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பையன்களுக்குச் சொல்லித் தர வருகிறார். ஆட்டம் நன்றாகத் தெரியும். சொல்லித் தருவது வேறு வேலை என்பதுதான் தெரியாது. பழைய ஆட்கள் செய்து சலித்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார். நேரத்துக்கு வாருங்கள், கெட்ட வார்த்தை பேசாதீர்கள், கை நீட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் மைதானத்துக்கே வரவேண்டாம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது இதைப் பார்த்துத்தான்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் "புரியலீங்க" என்று சொல்லப் பழகியவர்கள் அல்ல. சார் கேட்டால் பதில் ஒன்றுதான்: "புரிஞ்சுதுங்க சார்." பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். அது மரியாதை. அதைப் பதில் என்று எடுத்துக்கொள்வது பயிற்சியாளரின் தவறு.

பவானிப் பக்கம் ஒரு இரவு ஆட்டம். ஒரு புள்ளி முன்னிலை, இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. எதிரணி இரண்டு ரைடு (பாடிப் போவது) வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. மூன்றாவது ரைடில் புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் அவுட். களத்தில் தடுப்பவர்கள் ஐந்து பேர், ஆகவே போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் போனஸ் புள்ளியும் கிடையாது. சும்மா நின்றாலே போதும், அவசரம் முழுக்க ரைடருக்குத்தான். பயிற்சியாளர் டைம்-அவுட் எடுத்தார். முப்பது விநாடியில் ஆறு விஷயம் சொன்னார். லெப்ட் கார்னர் பையனிடம் சொன்னது, "உள்ள உட்டுப் புடி கண்ணு. புரிஞ்சுதா?" "சரிங்க சார்."

ரைடு செல்லுபடியாக ரைடர் தாண்டியே ஆகவேண்டிய கோடு பால்க் கோடு. அதைத் தாண்டி ஒரு கால் வைத்தான். பையன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். பிடியில் குறையே இல்லை. பக்கத்தில் நின்ற கவர் (கார்னருக்கு உள்பக்கம் நிற்கும் தடுப்பவன்) பையனும் வந்து விழுந்தான். ரைடர் அப்படியே முன்னால் சாய்ந்து, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். இரண்டு புள்ளி போனது, ஆட்டமும் போனது. "சொன்னேனில்ல?" என்று பயிற்சியாளர் கத்த, பையன் சொன்னான்: "உள்ள வந்துட்டானுங்களே சார்."

பையன் சொன்னது சரி. ஆண்கள் களத்தில் பால்க் கோடு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர். போனஸ் கோடு அதற்கும் 1 மீட்டர் உள்ளே. பயிற்சியாளர் மனதில் "உள்ள" என்றால் போனஸ் கோடு, பையன் மனதில் பால்க் கோடு. ஆறடி உயர ரைடர் கையை நீட்டி விழுந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் எட்டும். 3.75-ல் பிடித்தால் அவன் இன்னும் ஒன்றரை மீட்டர் சொச்சம் இழுத்தால் போதும், 4.75-ல் பிடித்தால் இரண்டரைக்கு மேல் இழுக்க வேண்டும். இரண்டு பேர் தொங்கும்போது அந்த ஒரு மீட்டரை எவனாலும் இழுக்க முடியாது. அந்த ஒரு மீட்டர் அந்தச் சொல்லுக்குள் இருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பயிற்சியிலேயே "உள்ள", "முன்ன", "கொஞ்சம் பொறு" போன்ற சொற்களைத் தடை செய்யுங்கள். கோட்டின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே விஷயம். சொன்ன பிறகு "புரிஞ்சுதா" என்று கேட்காமல், "எங்க வந்தாப் புடிப்ப? காலை வெச்சுக் காட்டு" என்று கேளுங்கள். பையன் நடந்து போய்க் காலை வைக்கட்டும். தப்பான இடத்தில் வைத்தால் அது லாபம், ஆட்டத்தில் தெரிய வேண்டியது இப்போதே தெரிந்துவிட்டது. அப்போது மற்றவர்கள் சிரித்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு தடவை சிரித்துவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு எவனும் வாய் திறக்க மாட்டான், மறுபடி "புரிஞ்சுதுங்க சார்" தான்.

கேட்ட பிறகு ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். புது ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். பையன் யோசிப்பதற்குள் பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

டைம்-அவுட்டுக்குத் தனிக் கணக்கு. பாதிக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 விநாடி. ஆட்கள் ஓடி வந்து மூச்சு வாங்கி நிற்கவே பத்து விநாடி போய்விடும். மிச்சம் இருபது. அதில் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கியம், அவன் அதைத் திருப்பிச் சொல்ல ஐந்து விநாடி. அதற்கு மேல் சொல்வதெல்லாம் பயிற்சியாளரின் படபடப்பு தணிய மட்டுமே உதவும். முதல் இரண்டு வாரம் இந்த முறையில் பயிற்சி மெதுவாகத்தான் நகரும். நகரட்டும்.

"சூப்பர்டா!"

எது சூப்பர்? "கையை விடாம கோர்த்திருந்தே, அதனால செயின் நின்னுச்சு" என்றால் (செயின் என்பது தடுப்பவர்கள் கைகோர்த்து நிற்பது) அவன் நாளைக்கும் கையைக் கோர்ப்பான். வெறும் சூப்பருக்கு விசிலே போதும்.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் யு.சி.எல்.ஏ. அணியை 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் வெல்ல வைத்தவர். 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்துகாட்டியதையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். மொத்தம் 2,326. அதில் பாதி, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நேரடி விளக்கம். பாராட்டு நூற்றுக்கு ஏழு அளவுதான்.

உங்களுக்கு உளவியலாளர் வேண்டாம். போனைச் சட்டைப் பையில் போட்டு 20 நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்டு, தாளில் மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: தகவல், கேள்வி, வெறும் சத்தம். மாதம் ஒரு தடவை போதும். பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர் படிப்புக்குப் போக முடிந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் சான்றிதழ் உங்கள் குரலை உங்களுக்குப் போட்டுக் காட்டாது.

தண்டனைக்கு ரவுண்டு

நானூறு மீட்டர் தடத்தில் பத்து ரவுண்டு என்றால் நாலு கிலோமீட்டர். தாமதமாக வந்தவனை அப்படி ஓடவிட்டு, களைத்த காலோடு கணுக்கால் பிடி (ஆங்கிள் ஹோல்டு) கற்றுக்கொடுத்தால் அவன் பழகுவது தாமதமான பிடியைத்தான். ஓட்டம் தண்டனை என்று மனதில் பதிந்துவிட்டால், போட்டி இல்லாத மாதங்களில் உடம்பை ஏற்ற ஓடச் சொல்லும்போதும் முகம் சுளிப்பான்.

டிவியில் பார்த்த வித்தை

புரோ கபடியில் டுப்கி (தடுப்பவர்களின் கைக்கடியில் ரைடர் குனிந்து நழுவுவது) பார்த்துவிட்டு மறுநாள் மண் களத்தில் அதையே பழக்குகிறார்கள். மண்ணில் வெறுங்கால் சறுக்கிக் கொடுக்கும். மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்ளும். பாதம் நின்றுவிட உடம்பு மட்டும் திரும்பினால் திருகுவது முழங்கால். மேட் விரிப்பில் போட்டி என்று தெரிந்தால் அதற்கு முன் சில நாளாவது அந்த விரிப்பில், ஷூவோடு, முதலில் மெதுவாகத் திரும்பப் பழக்குங்கள்.

தண்ணீர்

கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

"மாரியப்பன் மாதிரி ஆகணும்"

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பெயரைச் சொல்லாத விளையாட்டு விழா நம் பக்கம் இல்லை. சொல்லலாம், ஆனால் கணக்கோடு சொல்லுங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். ஒவ்வொரு தடவையும் மூன்று சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் குறைந்தும், எட்டு வருடம் மேடையை விட்டு இறங்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு, எதிரில் நிற்கும் பையனுக்கு அவனுடைய எண்ணைக் கொடுங்கள்: போன வாரம் பத்து ரைடில் மூன்று தொடுதல், இந்த வாரம் நான்கு. பெரிய பெயர் அன்று சாயங்காலத்தோடு கரைந்துவிடும். நோட்டில் எழுதிய நான்கு மறுநாள் அவனைச் சீக்கிரம் வரவைக்கும்.

வீட்டுக்குச் சொல்லாதது

பெண் பிள்ளைகள் அணியில் பாதிப் பேர் நின்றுபோவது திறமை இல்லாததால் அல்ல, கடைசி பஸ்ஸால். "இன்னொரு பத்து நிமிஷம்" என்று நீங்கள் இழுத்தால் ஆறரை பஸ் போய்விடும், அடுத்த நாள் "அப்பா வேண்டாங்கிறாருங்க சார்" என்று வந்து நிற்பாள். எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதை முதல் நாளே வீட்டில் சொல்லுங்கள், அந்த மணிக்கு விட்டுவிடுங்கள். விசைத்தறி, மில் ஷிப்டு போகும் அப்பாவுக்குப் பகலில் போன் செய்தால் தூக்கத்தில்தான் எடுப்பார். எந்த ஷிப்டு என்று கேட்டு நோட்டில் அவள் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.